கெப்ளிங்கர் வீட்டுச் சம்மட்டி

ஸ்டோன் ஃபெர்ரி, ஒஹாயோ
பிப்ரவரி 14, 1955

மதிப்பிற்குரிய சித்தப்பா அவர்களுக்கு,

நான் தெக்லா. உங்கள் அண்ணன் ஃபெர்டினாண்டின் மகள். நீங்கள் ஊரைவிட்டுப் போனபோது எனக்குப் பதினான்கு வயது, இப்போது நாற்பது. அப்பா போன மார்ச்சில் இறந்தார். தந்தி கொடுத்தோம். நீங்களும் வரவில்லை, ஒரு பூவும் வரவில்லை. அதைப் பேசுவதற்காக இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

அப்பாவின் நாற்காலியில் இப்போது நான் இருக்கிறேன். கெப்ளிங்கர் அடுப்புக் கம்பெனியின் நான்காவது தலைவர், முதல் பெண். இயக்குநர் குழுவில் என்னைச் சேர்த்து ஒன்பது பேர். நான் வாயைத் திறந்ததும் மற்ற எட்டுப் பேரும் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். வார்ப்பிரும்பு அடுப்பை இப்போது யாரும் வாங்குவதில்லை. வெள்ளை வெளேரென்று, துடைத்தால் மின்னுகிற, ஒற்றை ஆள் நகர்த்தக்கூடிய எரிவாயு அடுப்பு கேட்கிறார்கள். அதனால் எஃகுத் தகட்டில் எனாமல் பூசிப் புது மாதிரி ஒன்று செய்திருக்கிறோம். கம்பெனிக்கு இது நூறாவது வருஷம் என்பதால் அதற்கு ‘நூற்றாண்டு’ என்று பெயர். அதன் முகப்பில் கெப்ளிங்கர் என்ற எழுத்து ஏறவேண்டும். ஏறாவிட்டால் அக்டோபர் முதல் தேதி இயக்குநர் குழு நம் பெயரைச் சிகாகோ கம்பெனி ஒன்றுக்கு விற்றுவிடும். அவர்களுக்குப் பெயர் போதும், பட்டறை வேண்டாம். உலை அணையும். முந்நூற்றுப் பன்னிரண்டு வார்ப்பாளிகள் வீட்டுக்குப் போவார்கள்.

கொள்ளுத்தாத்தா எழுதிவைத்த பத்திரம் உங்களுக்கு மறந்திருக்காது. இருந்தாலும் வரிக்கு வரி எழுதும்படி வக்கீல் லூமிஸ் சொல்கிறார்: “எந்தப் புது மாதிரியானாலும் அதன் முதல் அடுப்பை, உடைப்பு நாளன்று, பட்டறை வேலையில் கை சுட்டுக்கொண்ட ஒரு கெப்ளிங்கர், வார்ப்பாளிகள் எல்லோரும் பார்க்கச் சம்மட்டியால் உடைக்கவேண்டும். முறிந்த முகம் சாம்பல் நிறமாயிருந்தால் என் பெயரைப் போடலாம். வெள்ளையாயிருந்தால் உருக்கிக் கொட்டவேண்டும்.”

அப்பா போனபிறகு, கையில் சூட்டுத் தழும்போடு உயிரோடிருக்கிற கெப்ளிங்கர் நீங்கள் ஒருவர்தான். உடைப்பு நாள் ஜூன் 1. ரயில் டிக்கெட் இத்துடன் இருக்கிறது.

நான் கெஞ்சவில்லை. கூப்பிடுகிறேன்.

தெக்லா கெப்ளிங்கர்
தலைவர்


கால்வெஸ்டன், டெக்சஸ்
பிப்ரவரி 23, 1955

மகாகனம் பொருந்திய தலைவர் தெக்லா அவர்களின் திருச்சமுகத்துக்கு, தூண்டில் புழு விற்றுப் பிழைக்கும் லியோ சித்தப்பன் எழுதிக்கொண்டது.

உன் கடிதம் வந்தபோது கடையில் உட்கார்ந்து பச்சைச் சிப்பி தின்றுகொண்டிருந்தேன். அடுப்பே தேவைப்படாத ஊராகப் பார்த்து, வரைபடத்தில் விரலை ஓட்டித் தேடி, இங்கே வந்து இறங்கியவன் நான். இங்கே வெயிலில் சட்டியை வைத்தால் முட்டை தானே பொரியும். ஆகஸ்டு மாதத்தில் கோழிகள் பொரித்த முட்டையாகவே போட்டுவிடும், நாம் உப்பு மட்டும் தூவிக்கொள்ள வேண்டியது.

நூறாவது வருஷம் என்கிறாய். அப்படியானால் வம்சப் பெருமையை முறைப்படி பாடாமல் மறுப்பது மரியாதை இல்லை. கேள்.

என் தாத்தா ஆகஸ்ட் கெப்ளிங்கர் ஜெர்மனியிலிருந்து கப்பலேறியபோது அவரிடம் ஒரு சம்மட்டியும் ஒரு தாடியும் மட்டுமே இருந்தன. தாடி மூன்று தடவை தீப்பிடித்தது; மூன்று தடவையும் வளர்ந்தது; நாலாவது தடவை நெருப்பே பயந்து விலகிவிட்டது. அவர் வார்த்த முதல் அடுப்பை ஏற்றிய படகு ஒஹாயோ ஆற்றில் மூழ்கியது. அடுப்பு அணையவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க ஆற்றில் வேகவைத்த மீன்தான் பிடிபட்டது என்று ஊரில் இன்னும் சொல்வார்கள். சொல்லாவிட்டால் நீ சொல்லவை.

அவர் மகன் ஹெர்மன், என் அப்பா. அவர் மீசையைக் கத்தரிக்க இரண்டு நாவிதர்கள் ஆளுக்கொரு பக்கமாய் வரவேண்டும். நடுவில் சந்தித்துக் கைகுலுக்குவார்கள். தன் கல்யாணத்துக்கு மாமனார் வீட்டுக்கு ஒரு அடுப்பை, பதினாறு ஆள் தூக்க, எரியஎரியக் கொண்டுபோனார். கூடத்தின் தரை பிளந்து, அடுப்பும் மாமனாரும் சேர்ந்து நிலவறையில் போய் இறங்கினார்கள். அடுப்பின் மேலிருந்த சூப் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. மாமனார் கீழேயிருந்தே, “ருசி நல்லாத்தான் இருக்கு, பொண்ணைக் கூட்டிட்டுப் போ!” என்றாராம்.

மூன்றாவது, உன் தகப்பன் ஃபெர்டினாண்ட். அவன் காலத்தில்தான் இந்தக் காவியத்துக்குக் காய்ச்சல் வந்தது. 1929இல் அடுப்பின் சுவரைப் பாதியாக மெலித்தான். மெலிந்த வார்ப்பு சட்டென்று ஆறும். சட்டென்று ஆறினால் உள்ளே வெளுக்கும். வெளுத்த இரும்பு குளிரில் கண்ணாடி மாதிரித் தெறிக்கும். பட்டறைப் பூனைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. அந்த வருஷம் உடைக்கும் முறை என்னுடையது. ஒரே அடி. முறிந்த முகம் தயிர் மாதிரி வெள்ளை. “வெள்ளை!” என்று கத்தினேன். உன் தகப்பன் அத்தனை பேர் முன்னாலும் சொன்னான்: “குடிச்சிருக்கான். இவன் கண்ணுக்குக் கரியும் வெள்ளையாத்தான் தெரியும்.” அடுப்புகள் ஊர் ஊராகப் போயின. ஜனவரியில் மின்னசோட்டா முழுக்க வெடித்தன. நான் ஊரைவிட்டுப் போன மறுநாளே, முன்னோர் கூடத்தில் தொங்கிய என் படத்தை அவன் சுவரைப் பார்த்துத் திருப்பி மாட்டினான் என்று கேள்வி.

இப்போது நீ அவனைவிட மெலிசாகத் தகட்டில் செய்துவிட்டு, என் கையால் ஆசீர்வாதம் கேட்கிறாய்.

வரமாட்டேன். டிக்கெட்டைத் திருப்பி அனுப்பவில்லை. மீன் செதில் சுரண்ட அட்டை தோதாக இருக்கிறது.

இப்படிக்கு,
சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் லியோ


ஸ்டோன் ஃபெர்ரி
மார்ச் 7, 1955

சித்தப்பா,

காவியம் நன்றாக இருந்தது. ஒரு அத்தியாயத்தை விழுங்கிவிட்டீர்கள்.

அன்றைக்கு நீங்கள் குடித்திருந்தீர்கள். மதுவிலக்குக் காலத்தில், கசிமிர் வோய்டாவின் நிலவறையில் அவர் காய்ச்சிய பீர். கசிமிர் அப்போது உங்கள் உலைக்கு மேஸ்திரி. அடுப்புகள் வெடித்ததும் அப்பா பழியை அவர் மேல் போட்டார்: உலைக்கலவையைக் கெடுத்தவன், முதலாளி தம்பிக்குக் குடி ஊற்றியவன் என்று வேலையை விட்டு அனுப்பினார். நீங்கள் வெள்ளையைக் கண்ணால் பார்த்தவர். எழுதிக் கொடுத்திருந்தால் அவர் வேலை போயிருக்காது. எழுதினீர்களா? முறிந்த துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ரயிலேறினீர்கள். கசிமிர் பதின்மூன்று வருஷம் ஆற்றங்கரையில் கரி அள்ளினார். யுத்தத்தின்போது ஆள் இல்லாமல்தான் அப்பா அவரைத் திரும்பக் கூப்பிட்டார்.

அப்பா செய்தது அநியாயம். நீங்கள் செய்தது என்ன?

நீங்கள் வராவிட்டால் நானே கை சுட்டுக்கொள்வதாக முடிவு செய்து நேற்று பட்டறையில் இறங்கினேன். எழுபத்துநாலு வயதில் கசிமிர்தான் இப்போது மூத்த வார்ப்பாளி. பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

“என்னம்மா, வழி தவறி வந்துட்டீங்களா? ஆபீஸ் மாடியில இருக்கு.”

“வழி தெரிஞ்சுதான் வந்தேன். மணல் சலிக்கணும், சல்லடை குடுங்க.”

“அந்தச் செருப்போடயா? இரும்பு ஒரு சொட்டு விழுந்தா செருப்பு, விரல், தரை மூணும் ஓட்டை.”

“பூட்ஸ் கொண்டாந்திருக்கேன்.”

“பொம்பளை உள்ள வந்தா உலை கோவிச்சுக்கும்னு நம்ம ஆளுங்க சொல்வாங்க.”

“நான் வந்த நாள்ல இருந்து எட்டு டைரக்டருங்க கோவிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. உலையும் வரிசையில நிக்கட்டும்.”

அவர் சிரிக்கவில்லை. சல்லடையைக் கொடுத்தார். கொடுக்கும்போது மட்டும் சொன்னார்: “ஒண்ணு சொல்றேன். சூடு வேலையில வரணும். வீட்டுல மெழுகுவத்தில வச்சுக்கிட்டு வந்தா எனக்குத் தெரியும்.”

ஜூனுக்குள் வருமோ வராதோ. அதனால் உங்களை மறுபடி கூப்பிடுகிறேன். புது அடுப்பின் வரைபடத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். மெலிசு மெலிசு என்று பார்க்காமலே பாடவேண்டாம்.

தெக்லா


கால்வெஸ்டன்
ஏப்ரல் 2, 1955

தெக்லா,

கசிமிர் உயிரோடிருக்கிறானா? அதை முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்கலாம். கரியில் அவன் நெஞ்சு கட்டி, எப்போதோ போயிருப்பான் என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். செத்தவனுக்குக் கடிதம் எழுத வேண்டியதில்லை, பார்.

உன் கடிதத்தைப் பதினேழு நாள் திறந்த பெட்டியில் போட்டு, மேலே இறால் கொட்டி வைத்தேன். அப்படியும் வரிகள் அழியவில்லை. நீ எந்த மையில் எழுதுகிறாய்?

இரண்டு குவளை குடித்தேன். இரண்டே இரண்டு. (குவளை ஒவ்வொன்றும் ஒரு குதிரை முழுகிக் குளிக்கிற அளவு என்பது வேறு விஷயம்.) ஆனாலும் வெள்ளையை வெள்ளை என்று பார்க்கிற அளவுக்குத் தெளிவாகத்தான் இருந்தேன். எழுதிக் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டிருக்கிறாய். கேட்டுக்கொண்டே இரு.

வரைபடத்தைப் பார்த்தேன். தகடு எத்தனை கனம் என்று அதில் போடவில்லை. எழுது. முழுக்க எஃகுதானா, எங்காவது வார்ப்பு இருக்கிறதா? அதையும் எழுது.

வருகிறேன். ஒரு நிபந்தனை. நான் வாசலில் கால் வைக்கும்போது என் படம் மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். உன் தகப்பன் படத்துக்கு நேர் எதிரே மாட்டு. அவன் கண்ணை மூட முடியாத இடத்தில்.

லியோ


ஸ்டோன் ஃபெர்ரி
ஏப்ரல் 11, 1955

சித்தப்பா,

படத்தைத் திருப்பியாயிற்று. அப்பாவுக்கு நேர் எதிரே. ஓவியன் உங்களுக்கு மூன்று தாடை போட்டிருக்கிறான். அப்பா திருப்பி வைத்தது ஒருவேளை கருணையாலோ என்று சந்தேகமாக இருக்கிறது.

தகடு, பத்து சென்ட் காசு ஒன்றின் கனம். உடம்பு முழுக்க எஃகு. பர்னருக்கு மேல் பாத்திரம் உட்காரும் நான்கு சட்டங்கள் மட்டும் வார்ப்பிரும்பு, நம் பட்டறையில் வார்த்தது. வேறு யாரும் இதையெல்லாம் கேட்டதில்லை. ஏன் கேட்கிறீர்கள்?

ஐந்து வாரமாய் மணல் சலிக்கிறேன். தும்மினால் கறுப்பாக வருகிறது. சூடு இன்னும் வரவில்லை.

மே 31 மாலை ரயிலுக்கு நானே வருவேன்.

தெக்லா


ஸ்டோன் ஃபெர்ரி
ஜூன் 3, 1955

லியோபோல்ட் கெப்ளிங்கருக்கு,

சித்தப்பா என்று எழுதக் கை வரவில்லை.

பத்தொன்பது அடி. முந்நூறு வார்ப்பாளிகள், எட்டு இயக்குநர்கள், சிகாகோக்காரர்கள் இருவர், இரண்டு பத்திரிகைக்காரர்கள், தேவாலயத்துப் பித்தளை வாத்தியக் குழு. எல்லோருக்கும் முன்னால் அறுபத்தொன்பது வயது ஆள் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, மூச்சு வாங்க, ஒரு வெள்ளை அடுப்பைப் பத்தொன்பது தடவை அடிக்கிறார். எனாமல் சிப்பி சிப்பியாக உதிர்ந்தது. பக்கங்களில் பள்ளம் விழுந்தது. கதவு கோணியது. உடையவில்லை. ஏழாவது அடியில் வாத்தியக்காரர்கள் வாசிப்பதை நிறுத்தினார்கள். பன்னிரண்டாவதில் யாரோ சிரித்தார்கள். பத்தொன்பதுக்குப் பிறகு லூமிஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “உடைக்கவேண்டும்னுதான் பத்திரத்துல இருக்கு. நசுக்கவேண்டும்னு இல்லை. முறிந்த முகமே இல்லாதப்ப நிறத்தை எங்க பார்க்கிறது?”

எஃகுத் தகடு நசுங்கும், முறியாது. என்னிடம் ஆறு பொறியாளர்கள் இருக்கிறார்கள், ஆறு பேரும் கல்லூரியில் படித்தவர்கள். நூறு வருஷமாக உடைகிற பொருளையே செய்து செய்து, உடையாத ஒன்று உலகத்தில் இருக்கும் என்பதே எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அடுப்பு என்றால் அடித்தால் உடையும். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது.

உங்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தானே கனம் கேட்டீர்கள்? என் படத்தைத் திருப்பு, அதைத் திருப்பு என்று ஆட்டம் காட்டிவிட்டு, என்னை ஊர் முன்னால் நிறுத்தத்தானே வந்தீர்கள்? ஒரு வார்த்தை சொல்லாமல் சாயங்கால ரயிலில் மறைந்தீர்கள். 1929இல் செய்ததையே செய்தீர்கள்.

தவறிய மாதிரியை ஒரே ஒரு முறை மறுபடி கொண்டுவரலாம் என்று பத்திரத்தில் இருக்கிறது. செப்டம்பர் 28 என்று நாள் குறித்திருக்கிறேன். உங்களைக் கூப்பிடப்போவதில்லை.

ஒன்று மட்டும் தெரியவேண்டும். அடிப்பதற்கு முன் வழக்கப்படி கசிமிரிடம் தழும்பைக் காட்டினீர்கள். அவர் உங்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு காதில் ஏதோ சொன்னார். உங்கள் முகம் மாறியது. அவரைக் கேட்டால், “அவனையே கேளு” என்கிறார்.

தெக்லா கெப்ளிங்கர்


கால்வெஸ்டன்
ஜூன் 14, 1955

தெக்லா,

வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. இடது கையால் எழுதுகிறேன். எழுத்து தள்ளாடினால் குடி என்று நினைக்காதே. உன் தகப்பன் அப்படித்தான் நினைத்தான்.

ஆமாம், தெரியும். உன் வரைபடத்தைப் பார்த்த நிமிஷத்திலேயே தெரியும். திட்டம் இதுதான்: மூன்று அடி அடிப்பது. மூன்றும் செல்லமாக, குழந்தை முதுகில் தட்டுகிற மாதிரி. பிறகு சம்மட்டியைக் கீழே வைத்து, தொப்பியைக் கழற்றி, “மகா ஜனங்களே, உடையவில்லை, என் தாத்தா பெயர் இந்தத் தகரத்தில் ஏறாது” என்று வணங்கி விடைபெறுவது. பிறகு கூடத்துக்குப் போய் ஃபெர்டினாண்ட் படத்துக்கு எதிரே நிற்பது. இருபத்தாறு வருஷமாகச் சமைத்த பழி, ஆறாமல் பரிமாறலாம் என்று வந்தேன். மன்னிப்பு கேட்கமாட்டேன். ரயில் முழுக்க அந்த நினைப்பில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்துச் சீட்டு அம்மாள் இடம் மாறி உட்கார்ந்துவிட்டாள்.

கசிமிர் காதில் சொன்னது இதுதான்: “லியோ, இந்தத் தடவையாவது முழுசா அடி.”

அவ்வளவுதான். திட்டவில்லை. கரி அள்ளியதைச் சொல்லவில்லை. அவன் கை என் மணிக்கட்டில் இருந்தது, தோல் கருங்கல்லாகியிருந்தது. அதற்குப் பிறகு செல்லமாகத் தட்ட முடியுமா? முழுசாக அடித்தேன். பத்தாவது அடியில் தோள்பட்டை ராஜினாமா கடிதம் கொடுத்தது, ஏற்கவில்லை. பதினைந்தாவதில் சம்மட்டி என்னைத் தூக்கியதா நான் சம்மட்டியைத் தூக்கினேனா என்று தெரியாது. உன் அடுப்பை உடைக்க நான் உண்மையாகப் பாடுபட்டேன், தெக்லா. என் வாழ்க்கையில் வேறெதற்கும் அத்தனை பாடுபட்டதில்லை. அது உடையவில்லை. அந்த மெலிசுப் பிசாசு, பத்து சென்ட் கனத்தில் நின்றுகொண்டு, என்னைப் பார்த்து, “அவ்வளவுதானா?” என்றது.

தாத்தா எதற்கு அடுப்பை உடைத்தார்? ஏதோ ஒரு வீட்டில், ஜனவரிக் குளிரில், ஒரு குடும்பத்தின் முன் அது வெடிக்குமா என்று தெரிந்துகொள்ள. உன்னுடையது வெடிக்காது. நான் பத்தொன்பது தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். இதை எழுத எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருக்கிறது என்று உனக்குத் தெரியாது.

ரயிலுக்கு ஓடியது உன்னிடமிருந்து இல்லை. கசிமிரிடமிருந்து. முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

இத்துடன் இரண்டு வருகின்றன. ஒன்று, தாள். 1929இல் முறிந்த முகம் வெள்ளை, நான் பார்த்தேன், குற்றம் மெலித்தவன் மேல், கசிமிர் வோய்டாவின் உலையில் பிசகில்லை, இதைச் சொல்லாமல் ஓடியவன் நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இரண்டு, அந்த வெள்ளைத் துண்டு. இருபத்தாறு வருஷம் என் கடைக்கதவு காற்றில் அடிக்காமல் முட்டுக்கொடுத்தது. வார்ப்பாளிகள் எல்லோரும் பார்க்க வாசி. எல்லோரும் பார்க்கக் காட்டு. உன் தகப்பன் மானம் போகும். உனக்கு வேண்டாமென்றால் ஆற்றில் எறி. இனி அது உன் பாடு.

லியோ


ஸ்டோன் ஃபெர்ரி
செப்டம்பர் 29, 1955

சித்தப்பா,

நேற்று முடிந்தது. வரிசையாக எழுதுகிறேன்.

சூடு ஜூலையில் வந்தது. அகப்பையில் இரும்புக் குழம்பு எடுத்துப் போகையில் அச்சு மணலில் ஈரம் இருந்திருக்கிறது. ஒரு துளி தெறித்து இடது மணிக்கட்டில் உட்கார்ந்தது. நேற்று எல்லோர் முன்னாலும் கசிமிரிடம் கையை நீட்டினேன். வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நீயா வச்சுக்கிட்டதா, அதுவா வந்ததா?”

“அதுவா வந்தது.”

“அழுதியா?”

“திட்டினேன்.”

“யாரை?”

“எங்க கொள்ளுத்தாத்தாவை.”

“சரியான ஆளைத்தான் திட்டியிருக்கே,” என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாக: “சின்னது. ஆனா சூடுதான்!”

கவனித்தீர்களா? மார்ச்சில் ‘நீங்க’. இப்போது ‘நீ’. தலைவர் நாற்காலியில் உட்கார்ந்த நாளில்கூட எனக்கு அத்தனை பெருமை இருக்கவில்லை.

சம்மட்டியைத் தூக்குவதற்கு முன் உங்கள் தாளை வாசித்தேன். முழுக்க. அப்பா பெயர் வருகிற இடத்திலும் குரலைத் தாழ்த்தவில்லை. வெள்ளைத் துண்டு கை மாறி மாறிக் கடைசி வரிசைவரை போனது. கசிமிர் தாளை வாங்கி, தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இருபத்தாறு வருஷத்துக்கு ஒரு தாளா? கையெழுத்து இன்னும் கோழி கிளறின மாதிரியே இருக்கு,” என்றார். நாலாக மடித்தார். தொப்பியைக் கழற்றி உள்ளே வைத்து, திரும்ப மாட்டிக்கொண்டார்.

பிறகு அடுப்பு. புதிது, வெள்ளை, அதே எஃகுதான். ஒரு மாற்றம்கூடச் செய்யவில்லை. சிகாகோக்காரர்கள் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டிருந்தார்கள். அடுப்பின் உடம்பை நான் தொடவே இல்லை. மேலே பாத்திரம் உட்காரும் இரும்புச் சட்டத்தில் ஓங்கி ஒரே அடி. கொள்ளுத்தாத்தா காலத்துக் கனத்தில் வார்த்தது, இரண்டாக முறிந்தது. உள்ளே சாம்பல் நிறம். மழை மேகம் மாதிரிச் சாம்பல்.

லூமிஸ் எழுந்தார். “இது வெறும் இரும்புச் சட்டம்தான். அடுப்பு இல்லை.”

பின்னாலிருந்து ஒரு வார்ப்பாளி, “அப்ப அதை எடுத்து வச்சுட்டு ஒரு சூப் வையுங்க வக்கீல் சார், குடிச்சுட்டுப் போறோம்!” என்றார். இன்னொருவர், “சட்டியை அவரு தலையிலயே வைக்கலாம், உள்ள அவ்ளோ வெக்கை!” பட்டறையே அதிர்ந்தது. நான் கேட்டேன்: “லூமிஸ், சமைக்க முடியாத அடுப்பு உடைஞ்ச அடுப்பா இல்லையா? முறிஞ்ச முகம் இருக்கு. நிறம் இருக்கு. சுட்ட கை இருக்கு. பத்திரத்துல இன்னும் என்ன மிச்சம்?” வெகுநேரம் பத்திரத்தைப் புரட்டினார். மிச்சம் எதுவும் இல்லை.

மதியம் இயக்குநர் குழு வாக்கெடுத்தது. ஐந்துக்கு நான்கு, பெயரை விற்பதில்லை என்று. சிகாகோக்காரர்கள் பன்றித்தொடையும் உருளைக்கிழங்கு சாலடும் சாப்பிடாமலே மூன்று மணி ரயிலுக்குப் போனார்கள். வாத்தியக் குழு அதையும் சேர்த்துச் சாப்பிட்டது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் வேலை இருக்கும் என்று சத்தியம் செய்யவில்லை, பொய் சொல்ல விருப்பமில்லை. நான் இருக்கும்வரை உலை அணையாது என்று சத்தியம் செய்தேன்.

நீங்கள் அடித்த அடுப்பை முன்னோர் கூடத்தில், படங்களுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். பத்தொன்பது பள்ளமும் அப்படியே இருக்கின்றன. ‘ஒரு கெப்ளிங்கர் முழுசாக அடித்தும் உடையாதது’ என்று அட்டை எழுதிச் சாய்த்திருக்கிறேன். கடைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு அந்த மாதிரியே வேண்டும் என்கிறார்கள். பள்ளத்தோடு கிடைக்குமா என்று ஒருவர் கேட்டார்.

ஒன்றுதான் பாக்கி. எல்லாம் முடிந்ததும் வார்ப்பாளிகள் சிலர் கூடத்துக்குள் வந்து, “பெரிய முதலாளி படத்தை இப்ப சுவத்தைப் பார்த்துத் திருப்புங்க” என்றார்கள். நியாயம்தான். சட்டகத்தில் கை வைத்தேன். அவர் என் அப்பா. எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். கை நகரவில்லை. நாளைக்கு என்று சொல்லி அனுப்பினேன். திருப்பட்டுமா? நீங்கள் சொன்னால் செய்கிறேன். சொல்வதற்கு உரிமை உள்ளவர் நீங்கள் ஒருவர்தான்.

முறிந்த சாம்பல் துண்டு இத்துடன் வருகிறது. கசிமிர் ஒரு சேதி சொல்லச் சொன்னார்: “அந்த பீர்ல மிச்சம் இருக்கு. அவன் வயித்துல இடம் இருக்கான்னு கேளு.”

அன்புடன்,
தெக்லா


கால்வெஸ்டன்
அக்டோபர் 8, 1955

சுட்ட கை தெக்லாவுக்கு,

துண்டு வந்தது. கடைக்கதவைத் திறந்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். சாம்பல்தான். இன்று காலை நான் குடித்தது காப்பி மட்டும். ஆகவே என் கண்ணை நம்பலாம். பழைய துண்டு முட்டுக்கொடுத்த இடத்தில் இதை வைத்தேன். கதவு அசையவில்லை. இந்தத் தீவையே இப்போது அந்தத் துண்டுதான் கடலில் மிதந்து போகாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று வாடிக்கைக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேர் நம்பிவிட்டார்கள்.

கசிமிரிடம் சொல், வயிற்றில் ஒரு குதிரை முழுகிக் குளிக்கிற அளவு இடம் இருக்கிறது. வியாழக்கிழமை வருகிறேன். டிக்கெட் அனுப்பாதே, இந்தத் தடவை நானே வாங்கிவிட்டேன். ஸ்டேஷனுக்கு நீ வரவேண்டாம். அவனை வரச்சொல். ஓட நினைத்தால் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும்.

உன் தகப்பன் படத்தைத் திருப்பாதே. சுவரைப் பார்ப்பது சுலபம், நான் இருபத்தாறு வருஷம் பார்த்தேன். ஒன்றுமே தெரியாது, நிம்மதியாக இருக்கும். அவனுக்கு அந்த நிம்மதி வேண்டாம். அங்கேயே இருந்து, என் மூன்று தாடையையும், நடுவில் நிற்கிற அந்த அடுப்பின் பத்தொன்பது பள்ளத்தையும், தினமும் தன் மகள் கறுப்புக் கையோடு உள்ளே வருவதையும் பார்க்கட்டும்.

கண்ணை மூட முடியாத இடத்தில்தானே மாட்டியிருக்கிறாய்?

உன் சித்தப்பன்,
லியோ